இரண்டாவது கணக்கு

டாக்டர் மெஹருன்னிசாவிடம் பயில வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் அருளானந்தம்.

அருளானந்தம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்ததெல்லாம் கிராமங்களில். மழை குறைந்த பக்கம். ஆடும் மாடும்தான் அங்கே சனங்களுக்குச் சோறு. கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தாலும், ஆடு கண்ட செடியைத் தின்று விழுந்தாலும், முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழுவத்துக்குள் நுழையும்போதே மாட்டின் எடையைச் சொல்லிவிடுவார். மருந்தின் அளவு அவர் விரலுக்கே தெரியும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்ததுண்டு. அவர் மறுத்ததில்லை.

அவருடைய மாவட்டத்தில் கால்நடைகளுக்கென்று தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்று தொடங்க முடிவானது. பொறுப்பு அருளானந்தத்துக்கு. அதற்கு முன்பு நகரத்துப் பெரிய கால்நடை மருத்துவமனைக்குப் போய் மெஹருன்னிசாவிடம் பயிற்சி பெற்று வர வேண்டும் என்றார்கள்.

மெஹருன்னிசாவுக்கு நாற்பது வயது ஆகவில்லை. குள்ளமான உருவம். குரலை உயர்த்திப் பேச மாட்டார். பிழைக்காது என்று பிறர் கைவிட்ட விலங்குகள் அவருடைய தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து தாமாக நடந்து வெளியே போனதை அந்த மருத்துவமனையில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஊழியர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

முதல் நாள், வண்டியில் அடிபட்ட நாய் ஒன்று வந்தது. வலியில் முனகிக்கொண்டிருந்தது. அருளானந்தம் குப்பியை எடுத்து ஊசிக்குள் மருந்தை இழுத்தார்.

“எடை எவ்வளவு சார்?” என்றார் மெஹருன்னிசா.

“பன்னிரண்டு கிலோ இருக்கும் மேடம்.”

“தராசுல வச்சுப் பாத்துடலாம்.”

நாயைத் துணியோடு தூக்கித் தராசில் கிடத்தினார்கள். பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. அருளானந்தம் புன்னகைத்தார். மெஹருன்னிசா புன்னகைக்கவில்லை. பக்கத்தில் நின்ற தேன்மொழியிடம் திரும்பினார். தேன்மொழி படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பயிற்சி மருத்துவர்.

“சாரோட கணக்குக்கு நீதான் இரண்டாவது. உனக்கு எவ்வளவு வருது?”

தேன்மொழி குப்பியை வாங்கி அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். உதடுகள் அசைய மனதுக்குள் பெருக்கினாள், வகுத்தாள். அருளானந்தம் மருந்து நிரம்பிய ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றார். கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு நின்ற பிறகு அப்படி அவர் நின்றதில்லை.

தேன்மொழி ஒரு அளவைச் சொன்னாள். அவர் கையில் இருந்ததும் அதுவே.

“போடுங்க சார்,” என்றார் மெஹருன்னிசா.

அந்தப் பிரிவின் வழக்கம் அது. ஒருவர் எடையையும் மருந்தையும் சொல்வார். இருவர் தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள். இரண்டாவது ஆள்தான் முதலில் விடை சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஊசி ஏறும், சொட்டு இறங்கும். “சரிதானே?” என்று ஒருவரை ஒருவர் கேட்பது அங்கே கூடாது. அப்படிக் கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். “எவ்வளவு வருது?” என்றுதான் கேட்க வேண்டும்.

அருளானந்தம் வழக்கத்தைக் கேட்டுக்கொண்டார். ஆனால் தங்கும் அறைக்குப் போனபின், கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டவில்லை. கட்டிலில் எறிந்தார்.

வாரங்கள் போயின. அவர் மனம் ஆறவில்லை. அவர் சொல்லும் எடை தராசோடு ஒத்துப்போனது. அவர் இழுக்கும் மருந்து தேன்மொழியின் கணக்கோடு ஒத்துப்போனது. ஒவ்வொரு முறை ஒத்துப்போகும்போதும், அது தன்னைப் பார்த்துச் சிரிப்பது போல அவருக்கு இருந்தது. சரியாகச் செய்கிறவனைச் சந்தேகப்படுவதற்கு ஒரு முறையா, அதை அன்றாடம் செய்ய ஒரு பெண்ணா?

ஒருநாள் காலையில் அவருடைய ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு கன்று வந்தது. கொண்டுவந்தவர் ஒச்சப்பன். அருளானந்தத்தைப் பல வருடங்களாகத் தெரிந்தவர். கன்றுக்கு வயிற்றுப்போக்கு. கண்கள் உள்ளே போயிருந்தன. காது சில்லிட்டிருந்தது.

“ஐயா, நீங்க இங்கயா இருக்கீங்க? அப்ப என் கன்னு பொழச்சுக்கும்,” என்றார் ஒச்சப்பன்.

தராசு நாற்பது கிலோ காட்டியது. அருளானந்தத்துக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும். ரத்தக்குழாயில் ஊசியைச் செருகி முடித்துவிட்டார். குழாயின் திருகைத் திறப்பதுதான் பாக்கி.

தேன்மொழி விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

ஒச்சப்பன் அவளைப் பார்த்தார். அருளானந்தத்தைப் பார்த்தார்.

“எதுக்குய்யா நிக்கிறீங்க?”

“அந்தப் பொண்ணு கணக்குச் சொல்லணும்.”

“அந்தப் பிள்ள சொல்லித்தான் நீங்க தெறக்கணுமா?”

அருளானந்தம் கன்றின் காதைத் தொட்டுப் பார்த்தார்.

“இரண்டு லிட்டர் சார்,” என்றாள் தேன்மொழி.

அவர் திருகைத் திறந்தார். கன்று பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் எழுந்து நின்று அம்மாவைத் தேடியது. ஒச்சப்பன் புறப்படும்போது அருளானந்தத்தைத் தனியாக அழைத்துப் போனார். மிகவும் வருத்தப்பட்டவர் போலக் கேட்டார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஏதும் பிரச்சினையாகி உங்களக் கீழ எறக்கிட்டாங்களா? நம்ம ஊருல நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அருளானந்தம் நேராக மெஹருன்னிசாவின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மேடம், நான் வந்ததுலேர்ந்து போட்ட கணக்குல ஒரு தப்பு காட்டுங்க.”

மெஹருன்னிசா கொஞ்சம் யோசித்தார். “இல்ல சார். ஒண்ணுகூட இல்ல.”

“எடையில?”

“அதுலயும் பெரிய வித்தியாசம் வந்ததில்ல.”

“அப்புறம் எதுக்கு என் தலைக்கு மேல ஒரு ஆள்? அந்தக் கன்னு உயிருக்குப் போராடுது. மருந்து என் கையில இருக்கு. அளவு எனக்குத் தெரியும். நேத்து படிப்ப முடிச்ச பொண்ணு விரல மடக்குறதுக்காக நான் காத்து நிக்கிறேன். எங்க ஊர் ஆளு என்னைப் பாத்துப் பரிதாபப்படுறான் மேடம். பரிதாபம்.”

மெஹருன்னிசா கேட்டுக்கொண்டிருந்தார்.

“தப்புப் பண்றவனுக்குக் காவல் போடுங்க, ஏன்னு நான் கேக்க மாட்டேன். தப்பே பண்ணாதவனுக்கு எதுக்குக் காவல்? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

மெஹருன்னிசா எழுந்தார். அறையை விட்டு வெளியே போய், பிரிவின் நடுவில் நின்று தேன்மொழியை அழைத்தார்.

“தேன்மொழி, இனிமே என்னோட கணக்குக்கு நீ இரண்டாவது இல்ல. அருளானந்தம் சார்தான்.”

பிறகு கை கழுவிக்கொண்டு, காத்திருந்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அருளானந்தம் வாசலிலேயே நின்றார். மெஹருன்னிசாவின் கணக்கையும் தேன்மொழி போடுவதை அவர் பார்த்திருந்தார். அது அந்தப் பெண்ணுக்குப் பாடம் நடத்துகிற ஏற்பாடு என்றே இதுவரை நினைத்திருந்தார். வகுப்பில் வாத்தியார் ஒரு பையனிடம் “நீ சொல்லுப்பா, இது என்ன?” என்று தெரிந்ததையே கேட்பாரே, அதுமாதிரி. இப்போது அந்தப் பையனின் இடத்தில் தன்னை உட்கார வைத்திருக்கிறார் என்று பட்டது. வாயை அடைப்பதற்கு ஒரு பதவி. அவர் காது மடல் சூடானது.

சரி, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். போட்டுக் காட்டுகிறேன். ஒரே ஒரு முறை நீங்கள் தடுக்கி விழுங்கள். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் கணக்குப் போட்டது போல வாழ்நாளில் என்றும் போட்டதில்லை. குப்பியில் இருப்பதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மருந்தின் வீரியம், குழாயின் வகை, பையின் அளவு எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்த பிறகே வாயைத் திறந்தார். அன்பினால் அல்ல. மெஹருன்னிசாவிடம் ஒரு புள்ளி இடம் மாறாதா, ஒரு சுழி கூடாதா என்று காத்திருந்தார்.

ஒன்றும் மாறவில்லை. அவர் விடை சொல்வார். மெஹருன்னிசாவும் அதையே சொல்வார். பூனையானாலும் எருமையானாலும் அப்படித்தான். குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாத மயக்க மருந்தானாலும் அப்படித்தான்.

ஒருமுறை சலித்துப்போய்ச் சொன்னார்: “நீங்களே சொல்லுங்க மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“உங்களுக்கு எவ்வளவு வருதுன்னு கேட்டேன் சார்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்கைப் போட்டுச் சொன்னார். அதுவும் ஒத்துப்போனது.

தேன்மொழி ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அவரிடம் சொன்னாள்: “மேடம் எதையும் காரணமில்லாம செய்ய மாட்டாங்க சார். எங்க சீனியர்ஸ்லாம் சொல்லுவாங்க. அந்த நேரம் புரியாது, பின்னாடி ஒரு நாள் புரியுமாம்.”

“எனக்கு இப்பவே புரியுது,” என்றார் அருளானந்தம்.

அஞ்சலை தன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது ஒரு மதிய நேரம். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள். செம்மண் அவள் முழங்கை வரை ஏறியிருந்தது. பேருந்தில் நாயை ஏற்ற மறுத்துவிட்டார்கள். பாதி வழி நடந்தும், பாதி வழி ஒரு மணல் வண்டியிலும் வந்திருந்தாள்.

“பேரு ராணி,” என்றாள். “ஒண்ணும் திங்க மாட்டேங்குது. தண்ணியக் குடிச்சாலும் கக்குது. தலையத் தூக்க மாட்டேங்குது டாக்டரம்மா. சூளையில நானும் எம் மகளும் தனியாப் படுக்கிறோம். இது இருக்கிற தைரியத்துலதான் கண்ண மூடுறோம்.”

ராணி மேசையில் கிடந்தது. கழுத்து துவண்டிருந்தது. கண் மட்டும் அஞ்சலையைத் தேடி நகர்ந்தது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. அந்த உப்பு குறைந்தால் தசை துவளும். ஏற்ற வேண்டியதுதான். ஆனால் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் இதயம் அப்படியே நின்றுவிடும். அளந்து செலுத்தும் கருவி பிரிவில் ஒன்றுதான் இருந்தது, அது வேறொரு கூண்டில் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டை எண்ணித்தான் விட வேண்டும்.

உப்பைக் கலந்த பையைத் தேன்மொழி கம்பியில் தொங்கவிட்டாள். உப்பின் அளவை மெஹருன்னிசாவும் அருளானந்தமும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒத்துப்போயிருந்தது.

“மேடம், சின்னச் சொட்டுக் குழாய் தீந்துபோச்சு. இதை மாட்டட்டுமா?” என்று தேன்மொழி கேட்டாள்.

“சரி,” என்றார் மெஹருன்னிசா. அவர் குனிந்து ராணியின் முன்னங்காலில் ரத்தக்குழாயைத் தேடிக்கொண்டிருந்தார். அது வற்றி, நூல் போல இருந்தது. விரல் நுனியால் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். ஊசி உள்ளே போனது. பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தார்.

“எடை பதினெட்டு. உடம்புத் தண்ணியில இழந்தது ஆறு சதவீதம். ஒரு நாளுக்குள்ள ஈடு கட்டணும், அன்றாடத் தேவையும் சேத்து. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, உங்களுக்கு எவ்வளவு வருது சார்?”

அருளானந்தம் பையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மனதுக்குள் போட்டார்.

“முப்பது,” என்றார்.

மெஹருன்னிசாவின் கை திருகின் மேல் இருந்தது.

“தொண்ணூறு,” என்றார்.

அருளானந்தத்தின் முதல் எண்ணம், தான் தவறிவிட்டோம் என்பது. மறுபடி முதலிலிருந்து போட்டார். பதினெட்டு கிலோ. ஆறு சதவீதம். அன்றாடத் தேவை. இரண்டையும் கூட்டி, மணிக்கணக்கில் வகுத்தார். அதே விடைதான் வந்தது.

“மேடம், மணிக்கு எத்தனை மில்லி போட்டீங்க?”

“தொண்ணூறு மில்லி.”

“எனக்கும் அதுதான். தொண்ணூறு மில்லிதான். சொட்டு முப்பது.”

“மணிக்குத் தொண்ணூறு மில்லின்னா நிமிஷத்துக்குத் தொண்ணூறு சொட்டு சார்.”

“இந்தக் குழாயில இல்ல மேடம்.”

மெஹருன்னிசா தலையை உயர்த்தினார். கம்பியில் தொங்கிய குழாயைப் பார்த்தார். அந்தப் பிரிவில் நாய், பூனைக்கு எப்போதும் மாட்டுவது சின்னச் சொட்டுக் குழாய். அதில் ஒரு மில்லிக்கு அறுபது சொட்டு. மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு; வகுக்கவே வேண்டாம். இப்போது தொங்கியது பெரிய சொட்டுக் குழாய். ஒரு மில்லிக்கு இருபது சொட்டுதான். அதில் தொண்ணூறு சொட்டு விட்டால் மூன்று மடங்கு வேகத்தில் உப்பு இதயத்துக்குப் போகும்.

மெஹருன்னிசா திருகிலிருந்து கையை எடுத்தார்.

“முப்பதுதான்,” என்றார். பிறகு அஞ்சலையிடம் திரும்பினார். “நான் சொன்னது தப்பும்மா. இவர் சொன்னதுதான் சரி.”

அஞ்சலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தப்புன்னா?”

“நான் சொன்ன வேகத்துல விட்டிருந்தா ராணி செத்துப்போயிருக்கும்.”

அஞ்சலையின் முகம் இறுகியது. “பெரிய டாக்டர்னு சொன்னாங்கன்னுதானே இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன். எங்க ஊருலயே ஊசி போடுற ஆளு இருக்கான். தப்பாப் போடுறதுன்னா அவன்கிட்டயே போட்டுருப்பேனே.”

“ஆமாம்மா,” என்றார் மெஹருன்னிசா.

“ஆமாங்கிறீங்க? நாயின்னு எளக்காரமா? உங்க வீட்டுப் பிள்ளைன்னா இப்படித்தான் கணக்குப் போடுவீங்களா?”

மெஹருன்னிசா நின்றுகொண்டிருந்தார். விலகவுமில்லை, விளக்கவுமில்லை. அஞ்சலைக்கு மூச்சு வாங்கியது. அவள் அருளானந்தத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஐயா, நீங்க தெறங்க. நீங்க இங்கயே நில்லுங்க.”

அவர் திருகைத் திறந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணினார். நிமிடத்துக்கு முப்பதில் நிலைநிறுத்தினார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ராணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். எல்லோர் முன்னாலும் ஆயிற்று. மகிழ்ச்சி வரவேண்டும். அவர் அதைத் தேடிப் பார்த்தார். வரவில்லை. குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, முப்பது என்று தான் சொல்லியிராத ஒரு மதியம் அவர் கண்ணுக்கு முன் வந்து வந்து போனது.

ராணியின் வாயைத் துடைக்க வந்த தேன்மொழி அவர் காதருகே மெல்லச் சொன்னாள். முகத்தில் ஒரு வியப்பு.

“சார், மேடம் வேணும்னேதான் சொல்லியிருப்பாங்க.”

“என்ன?”

“உங்களுக்குப் புரியணும்னுதான். நீங்க அன்னிக்கு எதுக்குக் காவல்னு கேட்டீங்கள்ல? அதுக்குப் பதில் சார் இது. குழாய மாத்துறேன்னு நான் அவங்ககிட்டச் சொல்லித்தானே மாட்டினேன். மேடமாவது மறக்கிறதாவது.”

அவள் போய்விட்டாள். அருளானந்தம் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரிதான். அவர் காதாலேயே கேட்டாரே. “இதை மாட்டட்டுமா?” “சரி.” நூல் போன்ற ரத்தக்குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிறவர் இதையா மறப்பார்? இத்தனை வாரத்தில் ஒரு புள்ளி பிசகாதவர் இன்றைக்கா பிசகுவார்? எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தப் பொருந்த உடம்பு எரிந்தது.

மேசையில் கிடப்பது உயிர். பக்கத்தில் நிற்கிறவள் அதைச் சுமந்து வந்தவள். இதயத்தை நிறுத்தும் உப்பு ஊசி வரைக்கும் வந்து நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு பாடம். ஒருவனுடைய கர்வத்தை அடக்க ஒரு வித்தை. அந்த நிமிடம் தான் சோம்பலாக இருந்திருந்தால்? கவனம் சிதறி அவரைப் போலவே தொண்ணூறு என்று சொல்லியிருந்தால்? அப்போது கடைசி நொடியில் கையைப் பிடித்து “பார்த்தீர்களா?” என்று கேட்டிருப்பாரோ? அஞ்சலையின் முகத்துக்கு நேரே செத்துப்போயிருக்கும் என்று சொன்னாரே, அதுவும் நடிப்புதானா? அவள் கத்தியதையும் அந்தப் பாடத்துக்குள் சேர்த்துக்கொண்டாரா?

அவர் எழுந்து போகவில்லை. அஞ்சலை நிற்கச் சொல்லியிருந்தாள். சொட்டு முப்பதைத் தாண்டாமலும் குறையாமலும் பார்த்துக்கொண்டார். ராணியின் மார்பில் அவ்வப்போது காதுக்குழலை வைத்துக் கேட்டார். இதயம் சீராக அடித்தது. அவர் கோபமும் அதே சீரில் ஏறிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்தபோது ராணி தலையைத் தூக்கியது. முதலில் ஒரு விரற்கடை. பிறகு நன்றாகவே. அஞ்சலையின் கையை முகர்ந்தது. அவள் மேசையின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மேற்கொண்டு பார்த்துக்கொள்ளத் தேன்மொழி வந்து நின்றாள். அருளானந்தம் மெஹருன்னிசாவைத் தேடிப் போனார்.

அறையில் அவர் இல்லை. மதியச் சாப்பாட்டு டப்பா மேசையில் திறக்கப்படாமல் இருந்தது. கட்டிடத்துக்குப் பின்னால், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியருகே அவர் நின்றுகொண்டிருந்தார். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கைகளை நீட்டியிருந்தார். சோப்பு இல்லை. தேய்க்கவும் இல்லை. தண்ணீர் மட்டும் கைமேல் விழுந்துகொண்டிருந்தது.

“நாய் தலையத் தூக்கிருச்சு,” என்றார் அருளானந்தம்.

“கேட்டேன் சார். நல்லது.”

“மேடம், நான் உங்கள விட வயசுல மூத்தவன். அதனால கேக்கல. உங்ககிட்ட படிக்க வந்தவனாவே கேக்கிறேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. பத்துப் பேர் முன்னாடி என்னைக் கணக்குப் போடச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு முன்னாடி கைகட்டி நிக்கச் சொல்லுங்க. ஒச்சப்பன் என்னைப் பாத்துப் பரிதாபப்படட்டும். நான் தாங்கிக்கிறேன். என் கர்வம், என் பாடு.”

மெஹருன்னிசா திரும்பினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆனா அந்த நாய் உங்களுக்கு என்ன பண்ணுச்சு? அந்தப் பொம்பள என்ன பண்ணா? சூளையிலேர்ந்து தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்திருக்கா. அவ முன்னாடி ஒரு உயிரக் கத்தி முனையில நிறுத்தி எனக்குப் பாடம் நடத்துவீங்களா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. அன்னிக்கு உங்க அறையில வச்சு, நாளைக்கு எனக்கே தப்பு வரலாம் சார், அதனாலதான் இரண்டாவது ஆளுன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? கேட்டிருப்பேனோ மாட்டேனோ, அதுக்கு ஒரு உயிரையா வைக்கிறது?”

அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்.

“இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலை பாக்கிறேன். எத்தனையோ செத்திருக்கு. ஒண்ணுகூட அடுத்தவனுக்குப் புத்தி வரணும்னு செத்ததில்ல. உங்களப் பத்தி இங்க சாமி மாதிரிப் பேசுறாங்க. எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருப்பீங்களாம். பின்னாடி ஒரு நாள் புரியுமாம். எனக்குப் பின்னாடி புரிய வேண்டாம் மேடம். இப்பச் சொல்லுங்க. குழாய் மாத்துனது உங்களுக்குத் தெரியும். தேன்மொழி கேட்டா, நீங்க சரின்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். வேணும்னேதானே தொண்ணூறுன்னு சொன்னீங்க?”

மெஹருன்னிசா குழாயை மூடப் போனார். முதல் முறை விரல்கள் வழுக்கின. இரண்டாம் முறை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகினார். தண்ணீர் நின்றது.

“இல்ல சார்,” என்றார். “எனக்குத் தொண்ணூறுதான் வந்துச்சு.”